ஒரு நிமிடம் ஏழு விநாடி

தண்ணீர் குடித்தாயிற்று. ஒரு சொம்பு, உட்கார்ந்துகொண்டு, மடக்கு மடக்காக. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கூடாதாம், மேடம் சொல்லியிருக்கிறார். நாற்பத்தேழு வயதில் தண்ணீர் குடிக்க எனக்கு ஒரு வாத்தியார். ஆனாலும் குடிக்கிறேன், முப்பத்து நாலு நாளாக விடாமல் குடிக்கிறேன், ஏனென்றால் இது சம்பளம் தருகிற பள்ளிக்கூட முதலாளியின் மருமகள் சொன்னது, அது மட்டும் இல்லை, எனக்கும் இது வேண்டியிருக்கிறது, எதற்கு வேண்டியிருக்கிறது என்று இப்போது யோசிக்க வேண்டாம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குப் பதினெட்டு டிரைவர்களையும் கூட்டத்தில் உட்கார வைத்தார் பிரியம்வதா மேடம். பெங்களூரில் படித்தவர். பெரிதாக ஒன்றும் வேண்டாம் அண்ணா, மலையைப் புரட்ட வேண்டாம், ரெண்டு ரெண்டு நிமிஷமாக அஞ்சு வேலை, மொத்தம் பத்து நிமிஷம், தினமும் செய்தால் போதும், உடம்பு தானாகப் பழகிவிடும், ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குக் காலையில் மூளை விழித்திருக்க வேண்டும் என்றார். பின்வரிசையில் யாரோ, எங்க மூளை தூங்கினாத்தானுங்க மேடம் முழிக்கும், அது இருக்குதான்னே தெரியலீங்க என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. தண்ணீர், வெளிச்சம், ஒற்றைக்கால், மூச்சு, குரல். குரல் என்பதுதான் கடைசி, அது ஆறு மணிக்குள் வாட்ஸப் குழுவில் போய்ச் சேர வேண்டும். இப்போது ஐந்தே முக்கால். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறேன், கீழே அடுப்படியில் சாந்தாமணி தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது, கேட்கிறது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்கிறேன்.

ஆடிக் காற்று. துவைத்துப் போட்ட காக்கிச் சட்டை கொடியில் கிடந்து அடித்துக்கொள்கிறது. கிழக்கே கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் நிற்க வேண்டும், கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் கலையுமாம். தூக்கம்தான், வேறென்ன. நேற்றும் தூக்கம்தான். பாலிடெக்னிக் பிரிவில் நாலு பிள்ளைகள் நிற்பார்கள், நாலு வருஷமாக நிற்கிறார்கள், அந்த வேகத்தடை ஏறி இறங்கும்போதே கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். நேற்றுப் போகவில்லை. ஆயா பாப்பாத்தி பின்னாலிருந்து, ஏனுங்ணா, ஏனுங்ணா, ஸ்டாப்பு போச்சுங்ணா என்று கத்துகிறது, நான் பார்த்தால் வண்டி அடுத்த ஸ்டாப்பான தண்ணித் தொட்டியை நெருங்கிவிட்டது, ஒரு தாய் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். வேகத்தடை ஏறியது ஞாபகமில்லை. அதற்கு முன்னால் பெட்ரோல் பங்க் ஞாபகம் இருக்கிறது, பங்க்கில் ஒரு நாய் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் பாப்பாத்தியின் குரல். நடுவில் யாரோ கத்தரிக்கோல் போட்டதுபோல. என்ன நெனப்புங்ணா என்று கேட்டது. உன்ற நெனப்புத்தான் என்றேன், வண்டியில் ஏறியிருந்த மூன்று பிள்ளைகளும் சிரித்தன. வாயடித்தே தப்பிக்கிறவன் நான், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஓடி வந்த தாய் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை ஏற்றிவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். குடித்திருக்கிறேனா என்று பார்த்தாள். குடித்திருந்தால் எவ்வளவோ தேவலை, விட்டுவிடலாம். எங்களோடு பள்ளிக்கூட வண்டி ஓட்டின மயில்சாமி உண்மையைச் சொன்னான். போன வருஷம் கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், ராத்திரியில் எதிர் லைட்டு விழுந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரிவதில்லை என்று அவனாகவே வாயைத் திறந்து சொன்னான். நல்லவன். இப்போது ஒரு அடுக்குமாடி வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு, வருகிற கார்களுக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிடுகிறான். இருபது வருஷம் வண்டி ஓட்டினவன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது என்னைப் பார்த்து சல்யூட் அடித்தான், விளையாட்டுக்குத்தான் அடித்தான், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு வலது காலைத் தூக்குகிறேன். பல் தேய்ப்பது என்றைக்கும் செய்கிற வேலை, அதோடு புதுசைக் கோத்துவிட்டால் மறக்காது என்பது மேடத்தின் கணக்கு. மறக்கவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இப்போது பிடிக்காமல் நிற்கிறேன், எண்ணுகிறேன், நாற்பது, நாற்பத்தொன்று, தள்ளாடவில்லை. பொய் சொல்லக் கூடாது, உடம்பு இப்போது நன்றாக இருக்கிறது, சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது முன்மாதிரி இடுப்பு கழன்று போவதில்லை, பத்து வயது குறைந்ததுபோல இருக்கிறது என்று குழுவில் நானே சொல்லியிருக்கிறேன். ஒற்றைக்காலில் இவ்வளவு நேரம் நிற்கிறவனுக்கு என்ன கேடு. ஐம்பது, ஐம்பத்தொன்று. வலிப்பு என்றால் எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தொட்டராயனுக்கு வரும், பெஞ்சிலிருந்து விழுவான், கையும் காலும் வெட்டி இழுக்கும், வாயில் நுரை வரும், வாத்தியார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், டவுசர் நனைந்து போயிருக்கும். அதுதான் வலிப்பு. எனக்கு விழுவதும் இல்லை, நுரையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததைப் போய் யாரிடம் சொல்வது. டாக்டர், எனக்கு ஒன்றும் இல்லாமல் போகிறது என்றா சொல்வது. சாந்தாமணியிடம் சொல்லலாமா என்றால் அவள் முகம் கொடுத்தே பேசுவதில்லை. சித்திரையில் அவள் தம்பி மகனுக்குக் காது குத்து, நான் போகவில்லை, போகாததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது, இப்போது நினைத்தால் அது காரணமே இல்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் பேச்சு பாதிதான். என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை, அதுவும் சுவரைப் பார்த்து. எனக்கு இதெல்லாம் புதுசு இல்லை, எங்கள் அப்பா எங்கள் அம்மாவோடு பதினோரு மாதம் பேசாமல் இருந்தவர், சோறு வேண்டுமென்றால் கட்டுத்தறியில் நிற்கிற எருமையைப் பார்த்து, பசிக்குது என்பார். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சாந்தாமணியைச் சிரிக்க வைத்திருக்கிறேன். உங்க வம்சமே அழுத்தக்கார வம்சமுங்க என்பாள். எழுபது. காலை மாற்றினேன்.

மூச்சு. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. இதில் மேடம் கண்ணை மூடச் சொல்கிறார், நான் மூடுவதில்லை, மூடினால் பயமாக இருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டே பக்கத்து மாடியின் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு விடுகிறேன், டேங்க் இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. இப்போது குரல். குரல்தான் எனக்குப் பிடித்தது, அதில் நான் கெட்டிக்காரன். அன்றைக்கு ஓட்டப்போகிற ரூட்டின் ஸ்டாப்புகளைப் பார்க்காமல் வரிசையாகச் சொல்லி, எந்த ஸ்டாப்பில் எத்தனை பிள்ளைகள் என்றும் சொல்லி, அனுப்ப வேண்டும். மனசு சாலைக்கு முன்னால் போய்விட வேண்டும், வண்டி பின்னால் வரட்டும் என்று மேடம் சொல்வார். என் ரூட் ஏழு, பதினோரு ஸ்டாப், இருபத்தாறு பிள்ளைகள். முதல் நாள் திக்கித் திணறி ஒன்றரை நிமிஷம் ஆனது, இப்போது ஐம்பத்தெட்டு விநாடியில் சொல்லிவிடுகிறேன், பதினெட்டுப் பேரில் நான்தான் வேகம் என்று எனக்குள்ளே ஒரு பெருமை. கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கணபதி கோயில் மேடு மூணு, பாலிடெக்னிக் பிரிவு நாலு, தண்ணித் தொட்டி ரெண்டு, அப்படியே ரயில்வே கேட் வரைக்கும், தண்ணீர் ஓடுகிற மாதிரி வந்தது, இன்றைக்கு ஐம்பத்தைந்தே வந்திருக்கும் என்று பார்த்தேன். ஒரு நிமிடம் ஏழு விநாடி என்று காட்டியது. இருக்காதே. நிறுத்தும்போது விரல் சரியாகப் படவில்லையோ. குரல் ஏறி இறங்குவதைக் காட்டுகிற குட்டிக் குட்டிக் கோடுகள் வரிசையாக நின்றன, நடுவில் ஓரிடத்தில் கோடுகள் குட்டையாகிப் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. காதில் வைத்துக் கேட்டேன். மேடு மூணு, பிரிவு நாலு, தண்ணித் தொட்டி ரெண்டு, என் குரல்தான், கோழி என்று சொல்லி நின்றது. காற்றின் சத்தம். சட்டை அடித்துக்கொள்கிற சத்தம். வாயைச் சப்புவதுபோல ஒரு சின்னச் சத்தம், ரெண்டு தடவை. அப்புறம் கீழேயிருந்து, ஏனுங்க, டீ வெக்கட்டுங்களா. யாரும் பதில் சொல்லவில்லை. ஏனுங்க. காற்று. பாத்திரம் வைக்கிற சத்தம். அப்புறம் என் குரல், எந்த அவசரமும் இல்லாமல், ரேஷன் கடை ஒண்ணு, ஈ.பி. ஆபீஸ் மூணு என்று போய்க்கொண்டே இருந்தது.

அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன், மறுபடியும் போட்டேன், மூன்று தடவையும் அவள் கூப்பிடுகிறாள், மூன்று தடவையும் அந்த ஆள் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு விநாடி. கோழிக்கடை முக்கு என்ற ஸ்டாப்பே இல்லை, அங்கே நிற்கிற யு.கே.ஜி. மித்ரனும் அவன் அக்காவும் இல்லை, விழுங்கியாயிற்று. தூங்கினேன் என்று சொல்ல முடியாது. நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது, விழவில்லை, தள்ளாடவில்லை, தண்ணீர் குடித்து வெளிச்சம் பார்த்து மூச்சு விட்டு எல்லாம் முடித்து, பூரண விழிப்பில் இருக்கிறவன். அப்போது நின்றது யார். முப்பது வேகத்தில் போனால் பன்னிரண்டு விநாடிக்கு நூறு மீட்டர், பள்ளிக்கூட வண்டி முப்பதில்தான் போகும், அந்த நூறு மீட்டருக்குள் கோழிக்கடை முக்கு வந்துவிடும், அங்கே வலது பக்கம் சந்திலிருந்து சைக்கிள்காரர்கள் பார்க்காமல் வருவார்கள், அதைத் தாண்டினால் வாய்க்கால் பாலம், பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான், இன்னொரு பக்கம் போன மழையில் போனது, கட்டுகிறோம் கட்டுகிறோம் என்கிறார்கள். இருபத்தாறு பிள்ளைகள். முன் சீட்டில் உட்கார அடித்துக்கொள்வார்கள். கைப்பேசியைப் பார்த்தேன். மணி ஐந்து ஐம்பத்தேழு. குப்பைத்தொட்டிப் படம் ஒரு பக்கம், அனுப்புகிற அம்புக்குறி இன்னொரு பக்கம். அழித்துவிட்டு வேறு சொல்லலாம், ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போகிறது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்யப் போகிறேன், நேற்றும்தான் தெரிந்தது. நானாக வாயைத் திறந்தால் மயில்சாமி. அவர்களாகக் கேட்டால்? இதைக் கேட்டுவிட்டு மேடமே கூப்பிட்டு, என்ன அண்ணா நடுவுல நிறுத்திட்டீங்க என்று கேட்டால் சொல்லிவிடலாம், கேட்டார்கள் சொன்னேன் என்று ஆகும். வண்டி ஏழு மணிக்குத்தான் ஷெட்டிலிருந்து கிளம்பும், அதற்குள் யாராவது ஒருவர் கேட்காமலா போவார்கள். கோழைத்தனம்தான். இருந்தாலும் அம்புக்குறியை அழுத்தினேன்.

அழுத்தி முடித்த பத்தாவது விநாடியில் ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தது. ரூட் நாலு டிரைவர். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறதை அவன் பத்து விநாடியில் கேட்டுவிட்டான். அடுத்தது கும்பிடு கை. அடுத்தது புஜத்தை மடக்கிக் காட்டுகிற கை. அப்புறம் மேடம், உதிக்கிற சூரியன் படம் போட்டு, சூப்பர் தண்டபாணி அண்ணா, முப்பத்து நாலாவது நாள், நீங்கதான் எல்லாருக்கும் இன்ஸ்பிரேஷன் என்று எழுதினார். நான் மட்டும் யாருடையதைக் கேட்டேன். முப்பத்து நாலு நாளில் ஒருவன் குரலையாவது முழுசாகக் கேட்டிருக்கிறேனா, நானும் கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போகிறவன்தானே. பதினெட்டுப் பேர் தினமும் விடிகாலையில் இந்த ஊர்ப் பிள்ளைகளை எண்ணிச் சொல்கிறோம், கேட்பார் இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சில் இருந்த கல் இறங்கினதுபோல அப்படி ஒரு நிம்மதி. அனுப்பினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் ஒன்றும் இல்லை. கொடியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டேன், பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டேன், ஐந்து பொத்தான், ஐந்தையும் போட்டது ஞாபகம் இருக்கிறது. பார்த்தாயா, இருக்கிறது. படி இறங்கும்போது வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தது, பாட்டாகத்தான் இருக்கும்.

சாந்தாமணி டீயை நீட்டினாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மேல இருக்கையில கூப்பிட்டயா?" என்றேன். "கூப்பிட்டேன்." "எனக்குக் கேக்கல." அவள் திரும்பினாள். ரொம்ப நாளைக்கப்புறம் நேருக்கு நேராக என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "கேக்கலயா? ஏனுங்க, இன்னும் எத்தன நாளைக்குங்க இந்த வைராக்கியம்? கூப்பிட்டாக் கல்லாட்டம் நிக்கறது, மூஞ்சிய மூஞ்சியப் பாக்கறது, வாயச் சப்புறது. நானும் மனுசிதானுங்களே. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நேத்து சோறு போட்டுட்டு, ரசம் ஊத்தட்டுங்களான்னு மூணு வாட்டி கேட்டேன். பாத்துட்டே இருந்தீங்க. அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, ரசம் எங்கன்னு கேட்டீங்க." "எப்ப இருந்து?" என்றேன். "என்ன எப்ப இருந்து?" "நான் இப்படிக் கல்லாட்டம் நிக்கறது." "அதான் காது குத்துக்கு அப்பறம் இருந்து. உங்கப்பனுக்குத் தப்பாம." "தெனமும்மா?" அவளுக்கு இப்போது ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், முகத்திலிருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. "தெனமும்தானுங்க. நாலு வாட்டி, அஞ்சு வாட்டி. நான் பக்கத்துல இருக்கறப்பவே அத்தன வாட்டி." என் பக்கம் ஓரடி வந்தாள். "நீங்க வேணும்னுதானுங்களே பண்றீங்க?" நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. மூன்று மாதம். மூன்று மாதமாக என் வீட்டில் என் கண்ணெதிரே ஒரு பெண்பிள்ளை, புருஷன் கோபத்தில் பேசவில்லை என்று நினைத்து, அவளும் பதிலுக்குப் பேசாமல் இருந்திருக்கிறாள். மூன்று மாதத்தில் எத்தனை தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். லீவைக் கழித்துவிட்டு நாளைக் கூட்டிப் பார்க்க மனசு ஓடியது, ஓடவிடாமல் பிடித்தேன்.

"வண்டிச் சாவிய எடுக்காதீங்க," என்றாள் சாந்தாமணி, "எடுக்காதீங்க, சொல்லிட்டேன்." எடுக்கவில்லை. நாமே சொல்லிவிடலாம் என்று இருந்தது, மயில்சாமியாவது கேட்டைத் திறக்கிறான், உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் திறக்கிறான், நானும் திறந்துவிட்டுப் போகிறேன். ஒரு கையில் டீ, மறு கையில் கைப்பேசி, வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ரத்தினசாமியின் எண்ணைப் போட்டேன். மறுமுனையில் மணி அடித்தது. ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்க தண்டபாணி. இன்னிக்கு ரெண்டு பேரு லீவு, நீங்களும் கழுத்த அறுத்துப்போடாதீங்க." எனக்கு அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. "சார், ஒண்ணு சொல்லோணும், மறைக்காமச் சொல்லீர்றேன்," என்றேன், "மூணு மாசமா எனக்கு" என்றேன், கைப்பேசி சாந்தாமணியின் காதில் இருந்தது. "...இல்லீங் சார், நடிப்பில்லீங்க, இப்பக்கூடத்தானுங்க, உங்ககிட்டப் பேசிட்டு இருக்கையிலயேதானுங்க," என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள், "அவர அனுப்ப மாட்டேனுங்க, நீங்க என்ன வேணாச் செய்யுங்க, பச்சப் புள்ளைங்க சார்." தரையில் டீ ஓடி அடுப்படி வாசல் வரைக்கும் போயிருந்தது. டம்ளர் மூலையில் கிடந்தது, அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளைக் கேட்க வேண்டும். பயமாக இருந்தது, கேட்கவில்லை. அவளுடைய இன்னொரு கை என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.